நிலமளந்த பெரியார் சேர் ஜோர்ஜ் எவரெஸ்ட்

உலகில் உயர்ந்த மலைச்சிகரத்தின் பெயரை அறியாத மாணவர் எவரும் இலர். ஆயின், அப்பெயருக்குரியவர் யாவர், அவர் ஆற்றிய பணி யாது என்று வினவினால், விடை கூறுவோர் மிகச் சிலரே. அவர் அச்சிகரத்தில் ஏறினாரல்லர், அதனை அளந்தாருமல்லர், தம் பெயரை அதற்குச் சூட்டுவதை விரும்பினாருமல்லர். அவரது வாழ்நாளின் பெரும் பகுதி, குமரிமுனைப் பக்கத்திலிருந்து இமயமலையின் அடிவாரம் வரை ஒரு நேர்கோட்டை அளப்பதிலே கழிந்தது. அந்நெடிய அளவையின் முடிவில், ஐந்து விகலைக்குச் சற்று மிகுந்த ஒரு சிறு வேறுபாடு எஞ்சிற்று. அவர் அதன் காரணத்தை அறியாதவராய், எனினும் அதனை மறையாதவராய், எண்ணை எண்ணாகவே ஏட்டிற் பொறித்து உலகுக்கு வழங்கினார். அவ்வெண்ணே மலைகளின் வேரையும் பூமியின் அகத்தையும் அறிஞர்க்குக் காட்டிய திறவுகோலாயிற்று. அவ்வரலாற்றை இம்மலரின் வாயிலாக எம் பழைய மாணவர்க்கும் இளைய மாணவர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

எவரெஸ்ட் பெருமானின் பணியை உணர்வதற்குப் புவியீர்ப்பின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். அதற்குத் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. யாம் வதியும் தன்னாமுனையிலே வாவிக்கரைத் தென்னையொன்றிலிருந்து முற்றிய தேங்காயும் சிறு குரும்பையும் ஒருங்கே கழன்று விழுமாயின், காற்றின் தடையை ஒதுக்கிவிட, இரண்டும் ஒருங்கே நிலத்தை அடையும். பொருளின் நிறை யாதாயினும், ஒவ்வொரு செக்கனிலும் அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 9.78 மீற்றர் வீதம் பெருகும். இதுவே எம் பகுதியின் புவியீர்ப்பு ஆர்முடுகலாகும். 20 மீற்றர் உயரத்திலிருந்து விழும் காய் 2 செக்கனளவில் நிலத்தைத் தொடும். அப்பொழுது அதன் வேகம் மணிக்கு 70 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்டிருக்கும். மர உச்சியில் ஈர்ப்பானது அடியிலுள்ளதைவிடப் பத்து இலட்சத்தில் ஆறு பங்கே குறையும். ஆதலின் அன்றாடக் கணக்குகளுக்கு நிலத்தையடுத்த ஈர்ப்புப் புலம் எங்கும் ஒரே சீரானதென்று பள்ளியிற் கொள்கின்றோம். அது பள்ளிக் கணக்குக்குப் போதியது, நாடளப்பவர்க்குப் போதாது.

ஏனெனில், ஈர்ப்புப் புலத்துக்கு ஒவ்வோரிடத்தும் இரண்டு இயல்புகள் உள. ஒன்று அதன் வலிமை. மற்றொன்று அதன் திசை. விழும் பொருளும் ஆடும் ஊசலும் வலிமையைக் காட்டுவன. நூலிற் கட்டித் தொங்கவிட்ட தூக்குக்குண்டு திசையைக் காட்டுவது. சுவரெழுப்பும் மேசன்மார் நம்பியிருப்பது இத்திசையையே. அசைவற்று நிற்கும் நீரின் பரப்பு எப்பொழுதும் இத்திசைக்குச் செங்குத்தாகவே அமையும். காற்றடங்கிய வேளையில் எமது வாவியைப் பார்ப்பவர் காண்பது, பல்லாயிரம் தூக்குக்குண்டுகளை ஒருங்கே தொங்கவிட்டாலொத்த மட்டத்தையே. மட்டமான களப்பு என்பதே மட்டக்களப்பு ஆயிற்றென்று பெயர்க்காரணம் கூறுவாரும் உளர். அம்மட்டம் எதனால் தீர்மானிக்கப்படுகின்றது என்னும் வினாவே நாம் கூறப்புகும் வரலாற்றின் உயிர்நிலையாகும்.

பூமி உருண்டையாதலின் இரண்டு தூக்குக்குண்டு நூல்கள் ஒருபோதும் முற்றும் இணையாகா. வடக்குத் தெற்காக 31 மீற்றர் இடைவிட்டுத் தொங்கும் இரு நூல்களிடையே ஒரு விகலையளவு சாய்வு உண்டு. ஒரு விகலையென்பது ஒரு பாகையின் 3,600 இல் ஒரு கூறு. இச்சாய்வைக் கொண்டே பூமியின் பருமனையும் வடிவத்தையும் அளக்கலாம். ஓரிடத்தில் நூல் காட்டும் உச்சித் திசையிலிருந்து ஒரு விண்மீன் எத்துணைப் பாகை விலகியிருக்கின்றதென அறிந்தால் அவ்விடத்தின் அகலாங்கு கிடைக்கும். இரண்டு இடங்களின் அகலாங்குகளையும் அவற்றின் இடைத்தூரத்தையும் அறிந்தால் பூமியின் வளைவு கிடைக்கும். தூரத்தை நிலத்திலே அளக்கின்றோம். அகலாங்கை வானத்திலே அளக்கின்றோம். இரண்டையும் இணைப்பது தூக்குக்குண்டு ஒன்றே. அது பொய்த்தால் அனைத்தும் பொய்க்கும்.

இப்பணிக்குத் தம்மை ஒப்படைத்த ஜோர்ஜ் எவரெஸ்ட் 1790 ஆம் ஆண்டு யூலை மாதம் 4 ஆம் திகதி பிறந்தார். வூலிச் நகரத்துப் படைக் கல்விக்கழகத்திற் பயின்று, கிழக்கிந்தியக் கம்பனியின் வங்காளப் பீரங்கிப் படையிற் சேர்ந்து, 1806 ஆம் ஆண்டில், பதினாறு வயதளவில், இந்தியா வந்தடைந்தார். கணிதத்தில் அவருக்கிருந்த திறமை விரைவில் வெளிப்பட்டது. 1814 தொடக்கம் 1816 வரை யாவாத் தீவை அளக்கும் பணியில் அமர்த்தப்பட்டார். 1818 ஆம் ஆண்டில் இந்தியப் பெரு முக்கோண அளவையின் தலைவராகிய வில்லியம் லாம்டன் என்பாருக்கு முதன்மை உதவியாளராக நியமனம் பெற்று ஐதராபாத்தை அடைந்தார்.

லாம்டன் தொடங்கிய அளவையின் தொட்டில் தமிழகமே என்பதை எம் வாசகர் நினைவிற் கொள்ளல் தகும். 1802 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் சென்னையையடுத்த பரங்கிமலைப் பக்கத்திலே ஏழரை மைல் நீளமான அடிக்கோடு ஒன்று சங்கிலியால் அளக்கப்பட்டது. அடிக்கோடு ஒன்று கிடைத்துவிட்டால், அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றையோ கோபுரத்தையோ நோக்கிக் கோணங்களை அளந்து, மிகுதித் தூரங்களைக் கணக்கினாற் பெறலாம். இவ்வாறு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக நாடெங்கும் வலை விரிந்தது. கோணங்களை அளந்த பெருங்கோணமானி அரை தொன் நிறையுடையது. 1808 ஆம் ஆண்டில் அதனைத் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மேலேற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வளைந்துபோயிற்று. லாம்டன் மனந்தளராது ஒரு கூடாரத்தினுள் அடைந்திருந்து, கிழமைக்கணக்காக உழைத்து, அதன் வட்டத்தைத் தம் கையாலேயே செப்பஞ்செய்தார். இத்தகைய ஆசானிடமே எவரெஸ்ட் பயிற்சி பெற்றார்.

பயிற்சியின் தொடக்கமே கடுஞ்சோதனையாயிற்று. ஐதராபாத் நாட்டுக் காடுகளிலே பரவிய காய்ச்சல் அளவைக் குழுவினரை வீழ்த்தியது. எவரெஸ்டும் நோயுற்று, 1820 ஆம் ஆண்டில் உடல் தேறும் பொருட்டு ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். ஓய்வுக்காகச் சென்றவர் அங்கும் ஓய்ந்திருக்கவில்லை. 1752 ஆம் ஆண்டில் பிரெஞ்சு வானியலறிஞர் லகாய் அம்முனைநாட்டிலே ஒரு நெடுங்கோட்டுப் பகுதியை அளந்திருந்தார். அவ்வளவையின்படி தென்னரைக் கோளம் வடவரைக் கோளத்தினின்றும் வேறான வடிவினதுபோலத் தோன்றிற்று. அறிஞர் அனைவரையும் மயங்கவைத்த முடிவு அது. எவரெஸ்ட் அவ்விடங்களை நேரிற் சென்று ஆராய்ந்து, அளவையின் முனைகளுக்கு அண்மையில் மலைகள் இருத்தலைக் கண்டார். அம்மலைகள் தம் பொருண்மையால் தூக்குக்குண்டைத் தம்பால் இழுத்திருத்தல் வேண்டும்; அதனால் அகலாங்குகள் பிறழ்ந்தன என்று அவர் தெளிந்தார். பின்னர் மக்கிளியர் என்னும் வானியலறிஞர் அக்கோட்டை மீள அளந்தபோது எவரெஸ்டின் கருத்து உறுதிப்பட்டது.

மலை குண்டை இழுக்கும் என்பது புதுக்கருத்தன்று. 1774 ஆம் ஆண்டிலேயே மாஸ்கலைன் என்பார் ஸ்கொத்லாந்து நாட்டு மலையொன்றின் இரு பக்கங்களிலும் அதனைக் கண்கூடாக அளந்திருந்தார். ஆயினும், ஒரு சிறு மலையின் இழுப்பால் ஓர் அரைக்கோளத்தின் வடிவமே பிறழ்ந்து தோன்றக்கூடும் என்பதை எவரெஸ்ட் தம் கண்ணால் கண்டறிந்து மீண்டார். சிறு மலைகளின் இழுப்பே இவ்வாறாயின், இமயத்தின் இழுப்பு எத்தகையதாயிருக்கும்? அக்கேள்வி அவர் நெஞ்சில் ஊன்றிவிட்டது.

1823 ஆம் ஆண்டு சனவரியில் லாம்டன், அளவைப் பயணத்தின் நடுவே, இங்கன்காட் என்னும் ஊரில் உயிர்நீத்தார். முப்பத்திரண்டு வயதினரான எவரெஸ்ட் அளவையின் தலைவரானார். நோய் அவரை விட்டபாடில்லை. கை கால்கள் வலுவிழந்த நிலையிலும், பிறர் தாங்கிப் பிடிக்கக் கோணமானியின் முன்னமர்ந்து அளந்து, நடு இந்தியாவிலுள்ள சிரோஞ்சு வரை கோட்டைக் கொணர்ந்தார். 1825 ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குத் திரும்பி, ஐந்தாண்டுகள் அங்கிருந்து, புதிய கருவிகளைச் செய்வித்து, அளவைமுறைகளைத் திருத்தியமைத்தார். வெயிலில் நீண்டும் குளிரிற் சுருங்கியும் பிழை விளைக்கும் சங்கிலிகளை விடுத்து, வெப்பத்தால் நீளம் மாறாதவாறு இருவகை உலோகங்களை இணைத்துச் செய்த அளவுகோல்களைப் பெற்றுவந்தார். 1830 ஆம் ஆண்டில் இந்தியா திரும்பியபோது அளவையின் தலைமையோடு தலைமை நில அளவையாளர் பதவியும் அவருடையதாயிற்று.

அடுத்த பதின்மூன்று ஆண்டுகள் அவர் வாழ்வின் உச்சக்காலம். கங்கைச் சமவெளியிலே குன்றுகள் இல்லை. தூசியும் புகையும் பார்வையை மறைத்தன. ஆதலின் செங்கல்லாலும் கல்லாலும் உயர்ந்த கோபுரங்களை வரிசையாக எழுப்பி, அவற்றின்மேற் கருவிகளை ஏற்றினார். பகலில் வெம்மையால் காற்று நடுங்கிக் காட்சி பிறழ்வது கண்டு, இரவில் விளக்குகளை ஏற்றிக் கோணங்களை அளந்தார். 1834 இலும் 1835 இலும் டெகிராடூன் பள்ளத்தாக்கில் வடமுனை அடிக்கோடு அளக்கப்பட்டது. தெற்கிலிருந்து முக்கோணங்களின் வழியாகக் கணக்கிட்டு வந்த நீளமும், அங்கு நேரே அளந்த நீளமும், பல நூறு மைல்களுக்குப் பின்னும் சில அங்குலங்களே வேறுபட்டன என்பதிலிருந்து அவ்வளவையின் நுட்பத்தை உணரலாம்.

இப்பெரும்பணியை அவர் தனித்துச் செய்தாரல்லர். கொடி பிடித்தோரும், விளக்கேற்றிக் காத்திருந்தோரும், கருவி சுமந்தோரும் பல நூற்றுவர். காய்ச்சலாலும் காட்டு விலங்காலும் உயிர்துறந்தோர் பலர். அவர்தம் பெயர்கள் ஏடேறவில்லை. பெயர் நின்றோருள் இருவரை ஈண்டுக் கூறுவது எம் கடமை. ஒருவர் ஆற்காட்டைச் சேர்ந்த சையத் மோசின் உசேன். மேனாட்டுப் பள்ளி எதிலும் கருவித்தொழில் பயிலாத அவர், தம் கைத்திறத்தால் அளவையின் நுண்கருவிகளைச் செப்பஞ்செய்யும் பொறுப்பைப் பெற்றார். அவருக்குரிய பதவியைப் பெற்றுக்கொடுக்க எவரெஸ்ட் மேலிடத்தோடு வாதாடினார்.

மற்றவர் இராதாநாத் சிக்தர். இவர் கல்கத்தா இந்துக் கல்லூரியின் மாணவர். எமது கல்லூரி போலவே பெயர் தாங்கிய ஒரு கல்லூரியின் பழைய மாணவர் இவ்வரலாற்றில் இடம்பெறுதல் எமக்கு உவகை தருவதாம். திறமிக்க கணிதர் ஒருவர் வேண்டுமென எவரெஸ்ட் தேடியபோது, அக்கல்லூரியின் ஆசிரியர் இவரைக் காட்டினார். 1831 ஆம் ஆண்டின் இறுதியில், இருபது வயதுகூட நிரம்பாத இவ்விளைஞர் கணிப்பாளராக அமர்ந்தார். கோள முக்கோணவியலில் இவருக்கிருந்த புலமையை எவரெஸ்ட் வியந்து போற்றினார். வேறு துறைக்குச் செல்ல இவர் விழைந்தபோது, இவருக்கு ஈடானவர் கிடையார் என்று கூறித் தடுத்து நிறுத்தினார். அளவைப் பணியாளரை அதிகாரியொருவர் கூலியின்றித் தம் சொந்தச் சுமைக்கு ஏவியதைத் தட்டிக் கேட்டுத் தண்டப்பணம் செலுத்திய நெஞ்சுரமும் இவருக்குண்டு. பின்னாளில் உயர்ந்த சிகரத்தின் உயரத்தைக் கணித்த பணியிலும் இவருக்குப் பங்குண்டெனப் போற்றப்படுகின்றார்.

எவரெஸ்ட் இன்சொல்லர் அல்லர் என்பதையும் மறைத்தல் முறையன்று. உதவியாளர் சிறிது தவறினும் கடுஞ்சொற் கூறுவார். மேலதிகாரிகளோடு நீண்ட மடல்களாற் போர் தொடுப்பார். ஆயின், அக்கடுமையைப் பிறர்மீது காட்டியதினும் தம் எண்கள்மீது மிகுதியாகக் காட்டினார்.

இனி அவ்வெண்ணுக்கு வருவோம். மலைகள் குண்டை இழுக்கும் என்பதை நன்னம்பிக்கை முனையில் அறிந்தவராதலின், அவர் வானியல் அளவையின் வடமுனையை இமயத்தின்மேல் வையாது, மலையை விட்டு விலகிச் சமவெளியிலுள்ள கலியானா என்னும் ஊரில் வைத்தார். அதற்குத் தெற்கே ஏறத்தாழ 600 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கலியான்பூர் மற்றொரு முனையாயிற்று. ஒரு முனையில் எவரெஸ்டும், மறு முனையில் அவர்தம் உதவியாளர் ஆண்ட்ரூ வோவும் ஒரே விண்மீன்களை ஒருங்கே நோக்கி அளந்தனர். நிலத்தில் முக்கோணங்களால் அளந்தபடி இரு முனைகளின் அகலாங்கு வேறுபாடு 5 பாகை 23 கலை 42.294 விகலை. வானத்தை நோக்கி அளந்தபடி அது 5 பாகை 23 கலை 37.058 விகலை. இரண்டுக்கும் இடையே 5.236 விகலை நின்றது. பத்து மீற்றர் நூலின் நுனியிலே கால் மில்லிமீற்றர் அளவான சாய்வு இது. நிலத்திலோ 160 மீற்றரளவுக்குச் சமம். அக்காலத்து நில அளவையாளர் பலர் இதனைப் பொருட்படுத்தியிரார். எவரெஸ்டின் அளவையோ அத்துணைப் பிழையை ஏற்காத நுட்பமுடையது.

அவர் என் செய்தார்? இது நெடுந்தூர அளவையிற் சிறிது சிறிதாகத் திரண்ட பிழையாயிருக்கலாமெனக் கருதி, அதனை முக்கோணங்களிடையே பகிர்ந்தளித்தார். காரணத்தைப் பொறுத்தவரை அவர் கொண்ட முடிவு சரியன்று. ஆயினும், 1847 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இரண்டு எண்களையும் உள்ளவாறே கொடுத்தார். ஒன்றைத் திருத்தி மற்றொன்றோடு பொருந்தச் செய்தாரல்லர். அவ்வொரு செயலால் அவர் பிழைப்பட்ட இடத்திலும் உண்மை பிழைத்தது.

அந்நூலைக் கற்றவருள் ஒருவர் கல்கத்தாவிலிருந்த கிறித்தவ சமயத் தலைவர் ஜோன் பிராட். கணிதத்தில் வல்லவரான அவர், அவ்வேறுபாட்டுக்கு இமயத்தின் ஈர்ப்பே காரணமென எண்ணினார். கலியானா மலைக்கு அண்மையிலிருத்தலின் அங்குள்ள குண்டு வடக்கே சாயும். அதனால் உச்சித் திசை தெற்கே சாயும். வானத்தை நோக்கி அளந்த அகலாங்கு குறையும். வேறுபாடு நின்ற திசை இதனோடு பொருந்திற்று. பின்னர் அவர் இமயமும் திபெத்து மேட்டுநிலமும் கொண்ட பொருண்மையைக் கணக்கிட்டு, குண்டு எவ்வளவு சாய்ந்திருத்தல் வேண்டுமென ஆராய்ந்தார். விடை 15.885 விகலை. அளவையிற் கண்டதோ அதன் மூன்றிலொரு பங்கே. முன்னர் வேறுபாடு ஏன் வந்ததென வினவியவர்கள், இனி அது ஏன் இத்துணைச் சிறிதாயிற்று என வினவ வேண்டியவராயினர். இமயம் தன் பருமனுக்கேற்ப இழுக்கவில்லை.

1855 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரச வானியலறிஞர் ஜோர்ஜ் எயரி இப்புதிருக்கு விடை பகர்ந்தார். நீரில் மிதக்கும் மரக்கட்டைகளை அவர் உவமையாக்கினார். எமது வாவியிலும் அதனைக் காணலாம். மிதக்கும் கட்டைகளுள் ஒன்று மற்றையவற்றினும் உயர்ந்து தோன்றுமாயின், அது நீருள்ளும் மற்றையவற்றினும் ஆழ்ந்து கிடத்தல் வேண்டும். அவ்வாறே மலையும் கனமான அடிப்பாறையின்மேல் மிதப்பது. மேலே உயர்ந்த அளவுக்கேற்பக் கீழேயும் கனங்குறைந்த வேரை உடையது. மேலுள்ள மிகுதி குண்டை இழுக்க, கீழுள்ள குறைவு அவ்விழுப்பின் பெரும்பகுதியை ஈடுசெய்கின்றது. 1859 ஆம் ஆண்டில் பிராட் வேறொரு விளக்கமும் தந்தார். மலையின் கீழுள்ள பாறை முழுவதுமே அடர்த்தி குறைந்ததாயிருக்கலாம் என்பது அவர் கருத்து. இரு விளக்கங்களும் ஒரு சமநிலையையே கூறின. பிற்காலத்தில் நிலநடுக்க அலைகளைக் கொண்டு ஆராய்ந்தபோது, சமவெளிகளின் கீழே 35 கிலோமீற்றரளவு தடித்த புவியோடு, திபெத்தின் கீழே 70 கிலோமீற்றரளவு தடித்திருத்தல் காணப்பட்டது. எவரும் காணவியலாத அவ்வேரை முதலிற் சுட்டியது, கலியானாவில் தொங்கிய தூக்குக்குண்டே.

எவரெஸ்ட் 1843 ஆம் ஆண்டில் ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்றார். 1846 ஆம் ஆண்டில் திருமணம் செய்து மக்கட்செல்வமும் எய்தினார். அவர் பதவியை ஏற்ற ஆண்ட்ரூ வோவின் காலத்தில், பதினைந்தாம் இலக்கச் சிகரமே உலகில் உயர்ந்ததென 1856 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அன்று கணித்த உயரம் 29,002 அடி. வோ தம் ஆசானின் பெயரை அதற்குச் சூட்ட முன்மொழிந்தார். மலைகளுக்கு அந்நாட்டு மக்கள் வழங்கும் பெயரையே இடல் வேண்டுமென்பது எவரெஸ்டின் கொள்கை. தம் பெயரை இந்நாட்டார் உச்சரிக்கவோ தம் எழுத்தில் எழுதவோ இயலாதென்று அவர் மறுத்துரைத்தார். ஆயினும் 1865 ஆம் ஆண்டில் இலண்டன் அரச புவியியற் கழகம் அப்பெயரையே நிலைநாட்டியது. 1861 இல் சேர் பட்டம் பெற்றிருந்த அவர், 1866 ஆம் ஆண்டு திசம்பர் மாதம் முதலாம் திகதி இவ்வுலகை நீத்தார். சிகரத்தின் உயரம் 2020 ஆம் ஆண்டில் 8,848.86 மீற்றரென அறிவிக்கப்பட்டது. கடல்மட்டம் மலையின் கீழே எவ்விடத்திற் செல்லும் என்பதை அறிந்தாலன்றி அவ்வெண்ணைப் பெறவியலாது. அதற்கும் ஈர்ப்பின் அளவையே துணை.

எவரெஸ்ட் அளந்தது ஈர்ப்பின் திசையை. அதன் வலிமையை அளக்கும் பணியைப் பிறர் மேற்கொண்டனர். ஈர்ப்பு தளர்ந்த இடத்தில் ஊசல் மெல்ல ஆடும். 1672 ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவின் கயேன் நகருக்குக் கொண்டுசென்ற பாரிசு ஊசற்கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியதை ரிஷே என்னும் அறிஞர் கண்டார். 1865 ஆம் ஆண்டு முதல் பசேவி என்னும் பொறியியற் படையதிகாரி, இங்கிலாந்து அரச கழகத்து ஊசல்களைத் தாங்கிக்கொண்டு, தென்முனையிலும் வடக்கிலும் பல நிலையங்களில் அளந்தார். இறுதியாக 15,000 அடிக்கும் மேற்பட்ட லடாக்கு நாட்டு மோரே வெளியில் ஊசலாட்டி முடித்தவர், 1871 ஆம் ஆண்டு யூலை மாதம் 17 ஆம் திகதி அம்மலைநாட்டுக் குளிரிலே உயிர்துறந்தார். மலைநாட்டில் ஈர்ப்பு எதிர்பார்த்ததினும் தளர்ந்திருப்பதை அவ்வளவைகள் காட்டின. ஊசலைத் தாங்கிய சட்டம் சிறிது அசைந்தமையால் அவ்வெண்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்தம் பெற்றன. எனினும், மலைகளின் கீழே குறைவு உண்டென்னும் உண்மை திருத்தம் பெறாது நின்றது.

இன்று அப்பணியைச் செயற்கைக்கோள்கள் புரிகின்றன. புவியைச் சுற்றும் கோளென்பது விழுந்துகொண்டேயிருக்கும் ஒரு பொருள்தான். அது முன்னோக்கி விரையும் வேகத்தால், விழுந்தும் நிலத்தைத் தொடாது சுற்றுகின்றது. 2002 ஆம் ஆண்டில் ஏவப்பட்ட இரு கோள்கள், ஒன்றையொன்று 220 கிலோமீற்றரளவு இடைவிட்டுத் தொடர்ந்து 2017 வரை சுற்றின. ஈர்ப்பு மிகுந்த இடத்தை அணுகும்போது முன்னது சற்று விரையும். இடைவெளி மிகச் சிறிய அளவால் நீளும். அதனை அளந்து ஈர்ப்புப் புலத்தை வரைந்தனர். 2018 இல் ஏவப்பட்ட மற்றோர் இணை அப்பணியைத் தொடர்ந்தது.

அவ்வாறு வரைந்த படத்தில் எம்மவர் கருத்தைக் கவரும் செய்தியொன்றுண்டு. புவியை ஒழுங்கான தட்டைக்கோளமாகக் கொண்டால், கடற்பரப்பு அதற்கு மிகவும் தாழ்ந்து கிடக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கேயுள்ள இந்துமாக்கடலே. அங்கே கடல்மட்டம் 100 மீற்றருக்கும் மேலாகத் தாழ்ந்துள்ளது. 1948 ஆம் ஆண்டில் ஒல்லாந்து அறிஞர் வெனிங் மைனஸ் கப்பலிற் செய்த ஈர்ப்பளவையால் அப்பகுதி முதலில் அறியப்பட்டது. ஆழத்திலே எழும் வெம்மையான, அடர்த்தி குறைந்த பொருளே இதற்குக் காரணமெனப் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தார் 2023 ஆம் ஆண்டில் கணிப்புகளால் விளக்கினர். அப்பள்ளத்தில் இறங்கும் கப்பல் எதுவும் சரிவை உணர்வதில்லை. ஏனெனில் அங்கும் நீர்ப்பரப்பு தூக்குக்குண்டுக்குச் செங்குத்தாகவே நிற்கின்றது. எமது வாவியும் அக்கடலோடு இணைந்ததே. மட்டமென்று நாம் கூறுவது, எம் காலடியின் கீழும் கடலடியின் கீழும் கிடக்கும் பாறைகள் அனைத்தும் கூடி வகுத்த மட்டமாகும்.

எவரெஸ்டின் வரலாற்றிலிருந்து எம் மாணவர் கைக்கொள்ளத் தக்கது யாது? அவர் பிறர் நாட்டை ஆள வந்த கம்பனியின் பணியாளர் என்பது உண்மையே. அளவையும் அவ்வாட்சிக்குப் பயன்பட்டதே. ஆயினும் உண்மைக்கு நாடில்லை. ஆய்வுகூடத்தில் ஊசலாட்டி எண்ணெழுதும் மாணவன், நூலிலுள்ள விடையோடு தன் விடை பொருந்தாதபோது, தன் எண்ணை மெல்லத் திருத்திவிட விழைவான். அவ்விழைவு எழும்போதெல்லாம் 5.236 என்னும் எண்ணை அவன் நினைத்துக்கொள்வானாக. அவ்வெண் திருத்தப்பட்டிருப்பின் பிராட் வினவியிரார். எயரி விடை பகர்ந்திரார். மலைகளின் வேர் இன்னும் பல்லாண்டு மறைந்தே கிடந்திருக்கும். சிகரத்தின் பெயர் எவரெஸ்டுக்குப் பிறர் அளித்த புகழ். பொருந்தாத இரண்டு எண்களை அருகருகே எழுதிவைத்த அவ்வேடு, அவர் தாமே ஈட்டிய புகழ். எமது கல்லூரியிலிருந்து வெளிச்செல்லும் ஒவ்வொருவரும் இரண்டாவது புகழையே நாடுவாராக என வாழ்த்தி அமைகின்றோம்.